பனையேறிக் கெண்டையை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் கையில் மீன் வந்துவிடும். பாட்டிலில் ஒன்றைப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள்: "இதை வளர்க்கலாமா?" பெரும்பாலும் அது பனையேறிக் கெண்டையாகத்தான் இருக்கும். இந்த மீனைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். பிள்ளைகளும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

நான் பிடித்தது பனையேறிதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

செவுள் மூடியைப் பாருங்கள். அதன் விளிம்பு ரம்பம் போலப் பல் பல்லாக இருக்கும். விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டாம், கிழித்துவிடும். உடல் பச்சை கலந்த சாம்பல் அல்லது பழுப்பு நிறம். செதில் பெரியது, கெட்டியானது. வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். குஞ்சுகளில் அது பளிச்சென்று தெரியும். முதுகுத் துடுப்பில் முள் முள்ளாக நிமிர்ந்து நிற்கும். விலங்கியலில் இதன் பெயர் அனபாஸ் டெஸ்டுடினியஸ். பெயரில்தான் கெண்டை இருக்கிறது. கெண்டை இனத்தோடு இதற்கு உறவில்லை. கடைகளில் விற்கும் ஃபைட்டர் மீனுக்கும் கௌராமிக்கும்தான் இது தூரத்துச் சொந்தம்.

உண்மையிலேயே பனை ஏறுமா?

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்திலிருந்தே உலகத்துக்குப் போனது. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலத்தில், 1791இல், டால்டார்ஃப் என்ற அதிகாரி குளக்கரைப் பனையின் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டனில் இருந்த லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் 1797ஆம் ஆண்டு வெளியீட்டில் அது அச்சானது. மரம் ஏறும் மீன் என்று ஐரோப்பா முழுவதும் பேச்சு. பறவை கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

நான் பனையில் பார்த்ததில்லை. வரப்பு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். செவுள் மூடியை விரித்து அதன் பல்லை மண்ணில் ஊன்றிக்கொள்ளும். வாலால் ஒரு தள்ளு. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி முன்னே போகும். பிறகு மற்ற செவுள், மறுபடி ஒரு தள்ளு. ஈரப் புல்லில் இப்படி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருப்பதால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. உடம்பு ஈரமாக இருந்தால் பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்கும். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும்.

மீதி எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது. இது நடக்கிற மீன், காற்றுக் குடிக்கிற மீன்.

குளத்திலோ வாய்க்காலிலோ பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா?

மீன் அரிதானது அல்ல, ஆனால் நீர்நிலைக்கு உரிமை உண்டு. ஊர்க் குளமும் ஏரியும் மீன்பாசி ஏலத்தில் போயிருக்கும். குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வளர்க்க நாலு மீன் என்றால் பெரும்பாலும் தலையசைத்துவிடுவார். கோயில் குளத்தில் கை வைக்க வேண்டாம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், வேடந்தாங்கல் போன்ற பறவைகள் சரணாலய ஏரிகளில் பிடிக்கவே கூடாது. அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் தொட்டி மீன் ஒரு நாரையின் இரை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எத்தனை எடுக்கலாம்? எந்த அளவு நல்லது?

ஒன்று போதும். நீளமான தொட்டி இருந்தால் ஐந்தாறு. இரண்டு மட்டும் வைப்பது நல்லதல்ல: வலுத்தது இளைத்ததை ஓயாமல் துரத்தி மூலையில் ஒடுக்கிவிடும்.

இரண்டு மூன்று அங்குலக் குட்டிகளை எடுங்கள். இந்த மீன் கையளவு சாதாரணமாக வளரும், சில 25 சென்டிமீட்டரைத் தொடும். வளர்ந்த மீன் தொட்டிக்கு மசியாது. பல நாள் கண்ணாடியில் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் வயிறு உப்பிய மீன் கிடைத்தால் அது சினை மீன், விட்டுவிடுங்கள். விரால் பிடிக்கப் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்துக்கொண்டிருந்தால் தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன. பெரியதை எடுத்தால் அத்தனை குஞ்சும் அடுத்த மீனின் வாயில் போய்ச் சேரும்.

பிடிப்பதிலும் எடுத்து வருவதிலும் என்ன கவனம் வேண்டும்?

தூண்டில் வேண்டாம். இந்த மீன் இரையை விழுங்கியே விடும். தூண்டில் முள் தொண்டையில் இறங்கினால் பிழைக்காது. வாய்க்கால் மடையில் கூடையையோ கொசுவலைத் துணியையோ பிடித்தால் போதும். முடிச்சு வலையில் செவுள் பல் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் மீனை இழுக்காதீர்கள், வலையைக் கத்தரியுங்கள். தொட்டியிலும் வலையை நான் பயன்படுத்துவதில்லை. பிளாஸ்டிக் குவளையைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை அதற்குள் நடத்திவிட்டு, வாயை உள்ளங்கையால் மூடி எடுப்பேன்.

பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வராதீர்கள், முதுகு முள் குத்திப் பை ஒழுகும். மூடியுள்ள பக்கெட்டில் கால் பாகம் தண்ணீர், மூடியில் நாலைந்து துளை. தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் இந்த மீன் மூச்சுத் திணறிச் சாகும். மீன் தண்ணீரில் மூச்சுத் திணறுமா என்று பலர் நம்புவதில்லை. இது திணறும். வயலில் பூச்சிமருந்து அடித்த வாரத்தில் பிடிக்கவே வேண்டாம்.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பிடித்த மீனைப் பல்லால் கவ்விக்கொள்ளும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பனையேறி வழுக்கித் தொண்டைக்குள் போனால் குடை விரிவதுபோல முள்ளும் செவுளும் விரிந்துகொள்ளும். திரும்ப இழுக்க முடியாது. இப்படி மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் உண்டு. பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிவிடுங்கள். யாருக்காவது நேர்ந்துவிட்டால் இழுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரு மீனுக்கு மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். உயரத்தைவிட நீளம் முக்கியம். காற்றுக் குடிக்க மேலே வந்து போகிற மீனுக்கு ஆழமான தொட்டி வீண் அலைச்சல். தண்ணீர் முக்கால் பாகம் இருக்கட்டும், மேலே நாலு விரற்கடைக்குக் குறையாமல் காற்று இருக்கட்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் இந்த மீனை வைப்பது பாவம் என்றே சொல்வேன்.

அடியில் கழுவிய ஆற்று மணல், கவிழ்த்த மண்சட்டித் துண்டு ஒன்று, பனை மட்டையோ வேரோ ஒன்று. வேலம்பாசி என்ற நீர்ச்செடியைத் தாராளமாகப் போடுங்கள். காய்ந்த நாட்டு வாதாம் இலை இரண்டைப் போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். வந்தவர்கள் அழுக்கு என்பார்கள், மீன் அங்கேதான் அமைதியாக இருக்கும். நீல நிறக் கூழாங்கல்லும் பளிச்சென்ற விளக்கும் அதற்குத் தேவையில்லை. மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினால் முதல் மாதத்து முட்டல் வெகுவாகக் குறையும். வெந்நீர்க் கருவி நம் ஊரில் வேண்டியதில்லை.

மூடி கட்டாயமா?

மற்ற எதில் தவறினாலும் இதில் தவறாதீர்கள்.

என் முதல் மீன் காணாமல் போனது ஒரு கார்த்திகை இரவில். மூடியை ஒரு விரல் அகலம் திறந்து வைத்திருந்தேன், பம்ப் குழாய் போவதற்காக. காலையில் தொட்டி காலி. வீடு முழுவதும் தேடிவிட்டு, அரிசி மூட்டையை நகர்த்தியபோது சுவரோரம் ஏதோ உருண்டு கிடந்தது. உடம்பு முழுக்க ஒட்டடையும் தவிடும். குப்பை என்று கையில் எடுத்தேன், செவுள் மூடி மெல்ல விரிந்தது. தண்ணீரில் விட்டதும் ஒரு நிமிடம் சாய்ந்து கிடந்தது. பிறகு மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்தது. கண்ணோரத்தில் தோல் உரிந்த தழும்பு கடைசி வரை மாறவில்லை. வீட்டில் ஈரத் தரை இருந்ததால் பிழைத்தது. மொட்டை மாடி வெயிலாக இருந்தால் கருவாடாகியிருக்கும்.

ஆகவே நாலு மூலையும் அடைத்த கண்ணாடி மூடியோ மரச் சட்டம் போட்ட கம்பி வலையோ போடுங்கள், மேலே செங்கல் வையுங்கள். குழாய் போகிற ஓட்டையைப் பஞ்சால் அடையுங்கள். குதிக்கிற மீனுக்குப் பெரிய இடம் வேண்டும். இதற்கு இடுக்கு போதும்.

காற்றுக் குடிக்கிற மீனுக்கு ஏர் பம்ப் எதற்கு?

மீனுக்காக அல்ல, தண்ணீருக்காக. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதைத் தின்று மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அவற்றுக்குக் காற்று வேண்டும். சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இது உங்கள் அறையின் காற்றைக் குடிக்கிறது. கொசுவர்த்திச் சுருள், மின்கொசுவிரட்டித் திரவம், ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்பும் அதே காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீரில் விடுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் நாட்களில் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

எந்தத் தண்ணீர்? எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துக் காற்று ஏற்றிவிட்டு ஊற்றலாம். குளோரின் கலந்த நகராட்சித் தண்ணீருக்கும் ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். குளோரமின் கலக்கிற ஊரில் காத்திருந்தால் போகாது, கடையில் விற்கும் குளோரின் முறிப்பான் வேண்டும். வாரம் ஒரு முறை கால் பாகம் மாற்றுங்கள். ஒரேயடியாக முழுவதும் மாற்றுவது கூடாது.

மீனே ஓர் அளவுகோல். அமைதியாகக் கிடக்கும்போது எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மேலே வருகிறது என்று பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். அடியிலிருந்து அம்பு மாதிரி எழும்பும், நீர்ப்பரப்பில் ஒரு சத்தம், செவுளோரம் இரண்டு குமிழி, மறுபடி சட்டிக்குள். இந்த வருகை திடீரென்று அடிக்கடி நடந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது அல்லது சூடேறியிருக்கிறது.

பிடித்து வந்ததும் நேராகத் தொட்டியில் விடலாமா?

தொட்டியில் ஏற்கெனவே மீன் இருந்தால் கூடாது. மூன்று வாரம் தனியாக, மூடிய பெரிய டப்பில் வையுங்கள். குளத்து மீனோடு அட்டை வரும், செதிலோரம் ஒட்டிய கண்ணாடிப் பொட்டுப் போன்ற மீன் பேன் வரும், நூல் தொங்குவதுபோல நங்கூரப் புழு வரும். இவற்றைச் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஒரு வாரம் வைத்தால் புண் ஆறும். அயோடின் சேர்க்காத உப்பு நல்லது. அயிரைக்கும் கெளுத்திக்கும் இந்த அளவு உப்பு ஆகாது.

மழை முடிந்து தண்ணீர் குளிரும் மாதங்களில் உடம்பில் சிவந்த குழிப்புண்ணோடு மீன்கள் கிடக்கும். இது 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்த, பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வரும் நோய். அப்படி ஒரு மீனைப் பார்த்தால் அந்தக் குளத்திலிருந்து அந்தப் பருவத்தில் எதையும் எடுக்காதீர்கள்.

மூன்று நாளாகத் தின்னவே இல்லை. என்ன செய்வது?

காத்திருங்கள். காட்டு மீனுக்குக் குருணைத் தீவனம் என்பது மிதக்கும் கல். முதல் வாரம் உயிர் இரை கொடுங்கள்: மண்புழு, கொசுப்புழு, சின்ன இறால். மாலையில் விளக்கை அணைத்த பிறகு ஒரு மண்புழுவைப் போட்டுவிட்டு விலகிப் போங்கள். அடுத்த வாரம் இறால் துண்டை நூலில் கட்டி ஆட்டிக் காட்டுங்கள். பிறகு இறால் சாற்றில் நனைத்த குருணை. ஒரு மாதத்தில் உங்கள் நடையைத் தெரிந்துகொண்டு முன் கண்ணாடிக்கு வரும். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒரு வேளை போதும், வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. பொரியும் பிரட்டும் போடாதீர்கள்.

கூட வேறு மீன் விடலாமா?

வாயில் நுழைகிற எதுவும் மிஞ்சாது. கப்பி, முண்டக்கண்ணி, அயிரை எல்லாம் இரவோடு இரவாகப் போய்விடும். பல வகை மீன் சேர்ந்து நீந்துவதைப் பார்க்க ஆசையிருந்தால் பனையேறியை விட்டுவிட்டு முண்டக்கண்ணிகளையும் அயிரையையும் வளருங்கள். அயிரை மணலை வாயில் அள்ளி செவுள் வழியே வடிக்கிற அழகுக்கு ஒரு தொட்டி வைக்கலாம்.

தொட்டியில் குஞ்சு பொரிக்குமா?

என்னிடம் பொரித்ததில்லை. இயற்கையில் மழை இறங்கும்போது, புதுத்தண்ணீர் பரவிய வயலில் முட்டையிடும். கூடு கட்டாது, காவலும் இருக்காது. முட்டையில் எண்ணெய் இருப்பதால் மிதக்கும், ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். ஹார்மோன் ஊசி போட்டுப் பண்ணைகளில் குஞ்சு எடுக்கிறார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம்.

"குழம்பு வைக்கிற மீனைக் கண்ணாடியில் போட்டு என்ன பார்க்கிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

என் அத்தையும் அதைத்தான் கேட்டார். காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு இந்த மீன் குழம்புதான் கொடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே தொட்டி முன்னால் உட்கார்ந்தார். அறுபது வருடம் ஆய்ந்து கழுவிய மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதை அன்றுதான் பார்த்தாராம். "அட, இது நம்மைப் போல மூச்சு விடுகிறதே" என்றார். குழம்பு வைப்பதை அவர் நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. தாய்லாந்து ஃபைட்டருக்கும் தென்னமெரிக்க டெட்ராவுக்கும் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு வாய்க்கால் மீனின் பெயர் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இனி வளர்க்க முடியவில்லை. பிடித்த குளத்திலேயே விட்டுவிடலாமா?

தனி டப்பில், வேறு மீனின் தண்ணீரே படாமல், ஒரு சில நாள் மட்டும் வைத்திருந்தால் பிடித்த அதே இடத்தில் விடலாம். மீன் கடைச் சாமானோ கடை மீனோ தொட்டுவிட்ட தொட்டியில் இருந்திருந்தால் விடவே கூடாது. நம் மீன்தானே என்று தோன்றும். மீன் நம்முடையது, அதன் செவுளில் ஒட்டிப் போகும் கிருமி எங்கிருந்தோ கப்பல் ஏறி வந்ததாக இருக்கலாம். குளம் முழுவதற்கும் அதைக் கொண்டுசேர்த்துவிடுவோம்.

தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் வெளியேறியவை என்ன செய்யும் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குளத்தில் இல்லை? கண்ணாடி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை வளர்ந்ததும் ஏரியில் கொட்டுகிறார்கள், அதன் முள் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. நம் பனையேறியே வேறு மண்ணில் இந்தக் கெடுதலைச் செய்திருக்கிறது: பப்புவா நியூகினியில் பரவி, ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவுகள் வரை போய்விட்டது, அங்கே இது வேண்டாத விருந்தாளி.

வளர்க்க ஆள் தேடுங்கள். பள்ளிக்கூடத் தொட்டி, நண்பர் வீடு, மீன் வளர்க்கும் இன்னொருவர். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ விடாமல் செடிக்கு ஊற்றுங்கள். இறந்த மீனை மண்ணில் புதையுங்கள்.

மழை இரவுகளில் மூடியில் மோதிக்கொண்டே இருக்கிறது. நோயா?

நோயில்லை. ஐப்பசி மழை இறங்கினால் வெளியே இருக்கும் அதன் இனமெல்லாம் புதுத்தண்ணீரைத் தேடி மேட்டில் ஏறும் காலம் அது. உங்கள் மீனுக்கும் அது தெரிகிறது. விளக்கை அணைத்துவிடுங்கள். மூடி இடுக்குகளை மறுபடி ஒரு முறை தடவிப் பாருங்கள், செங்கல் ஒன்று என்றால் இரண்டாக்குங்கள்.

நான் இன்னொன்றும் செய்வேன். முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு, முற்றத்தின் நடுவில் அண்டாவை வைத்து நேராக வானத்திலிருந்து தண்ணீர் பிடிப்பேன். ஒரு வாளியை, நூல் போல, அரை மணி நேரம் எடுத்துத் தொட்டியில் விடுவேன். தண்ணீர் விழுகிற மூலைக்கு வந்து, செவுள் இரண்டையும் விரித்து, அந்த ஒழுக்கை எதிர்த்து நின்றுகொண்டிருக்கும். வாளி தீரும் வரை அந்த இடத்தை விட்டு அசையாது.